எழுத்துல குடுங்க சார்

மனுவின் முதல் கேள்வியே கக்கூஸைப் பற்றியதாக இருந்தது.

பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, வருகிறது என்றால் எந்தக் குழாய் வழியாக, வரவில்லை என்றால் எவ்வளவு காலமாக என்று வட்டாரக் கல்வி அலுவலகத்துக் கண்காணிப்பாளர் ராக்கப்பன் வாய்விட்டுப் படித்தார். படிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே நின்ற வினோத்குமாருக்கு வரவில்லை. அவர் மாறுதல் விண்ணப்பத்தில் அலுவலரிடம் கையெழுத்து வாங்க வந்தவர். வாலிநோக்கத்துக்கு மேற்கே உப்பளங்களுக்கு நடுவில் கிடக்கிற ஒத்தப்பனை என்ற ஊரின் தொடக்கப்பள்ளிக்கு அவர்தான் தலைமை ஆசிரியர். இரண்டாம் ஆசிரியர் இடம் காலி. ஆகவே அவரே வாத்தியார், அவரே மணி அடிப்பவர், வகுப்பறைக்குள் ஏறி வரும் ஆடுகளை விரட்டுபவரும் அவரே.

"ரெண்டாவது கேள்வி, தலைமை ஆசிரியர் போன வருசம் எத்தனை நாள் லீவு போட்டாரு. மூணாவது, ரெண்டாம் ஆசிரியர் பணியிடம் ஏன் காலி. நாலாவது, மழைக்கு ஒழுகுற கூரையச் சரிபண்ணுறது யாரோட பொறுப்பு." ராக்கப்பன் மனுவைத் திருப்பிப் பார்த்தார். "தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல போட்டுருக்காங்க தம்பி. பத்து ரூவா கோர்ட்டு வில்லை ஒட்டி, சுத்தமா. யாரு இந்தப் பூமயில்?"

வினோத்குமார் மனுவின் அடியிலிருந்த பெயரை எட்டிப் பார்த்தார். பூமயிலை அவருக்குத் தெரியும்.

இந்த மனு முடியாமல் அலுவலர் கையெழுத்துப் போடமாட்டார் என்று ராக்கப்பன் விளக்கினார். நாளைக்கு இது மேல்முறையீடு, ஆணையம் என்று போனால் பதில் சொல்ல ஆள் வேண்டும். வாத்தியார் பாட்டுக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் அது அலுவலர் கழுத்தில் விழும். அலுவலருக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். கழுத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"வீரபத்திரன் கதை தெரியும்ல?" என்றார் ராக்கப்பன்.

தெரியாதவர் அந்தப் பக்கம் யாருமில்லை. ஒத்தப்பனைக்கு அடுத்த ஊரில் வாத்தியார். பதினொரு மணிக்கு வருவார், சோற்றுக்கு அப்புறம் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்பார். பிள்ளைகள் விசிறுவார்கள். பொறுக்கமாட்டாமல் ஊரார் மனுப் போட்டார்கள். அவர் எந்த மனுவுக்கும் பதில் எழுதவில்லை. அவர் கோப்பு சென்னையில் இருக்கிற ஆணையத்துக்குப் போனது, திரும்பவில்லை. வருடாவருடம் அவரும் மாறுதலுக்கு எழுதுகிறார், நிலுவை இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

"நீங்க அந்த லிஸ்டுல சேந்துறாதீக" என்று சொல்லி ராக்கப்பன் மனுவின் நகலைக் கொடுத்தார்.

பேருந்தில் வரும்போது வினோத்குமார் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

அவருடைய மனைவி துர்காதேவி சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் செவிலியர். மகளுக்கு மூன்று வயது. சனிக்கிழமை போனால் ஞாயிறு திரும்புகிற அப்பாவைத்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மற்ற நாளில் அவர் ஒரு போன். போனில் எப்போதும் பின்னாலிருந்து சார், சார் என்று நாற்பது தொண்டை கத்தும். அதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை அவரைச் சார் என்றே கூப்பிடப் பழகிவிட்டது. போன வாரம் வீட்டுக்குள் நுழைந்தபோது, "அம்மா, சார் வந்துருக்காக" என்று உள்ளே போய்ச் சொன்னது. துர்கா சிரித்தாள். இவர் கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். இந்த வருடம் துர்காவின் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் இடம் காலியாகிறது. விட்டால் அடுத்து எப்போது என்று தெரியாது.

பூமயிலுக்கு ஏன் கோபம் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஐந்தாம் வகுப்பு முடித்த தன் மகள் நாகஜோதியை அவள் உப்பு வாரக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வினோத்குமார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்தி வரப்பில் நடந்துபோய், மேஸ்திரி முன்னாலும் அத்தனை பொம்பளைகள் முன்னாலும், நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டார். கேட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் கையிலிருந்த, உப்பு இழுக்கிற பலகையைப் பிடுங்கிப் போட்டு, அப்படியே வண்டியில் ஏற்றிப் போய் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தார். நாகஜோதி இப்போது ஒன்பதாவது. பூமயில் அதற்கப்புறம் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பழிக்குப் பழி. வேறென்ன.

மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் அவர் இருளாண்டியின் ஷேர் ஆட்டோவில் உப்பளத்துக்குப் போனார். இருளாண்டி ஊருக்கு ஒரே ஆட்டோ. உப்புக்காற்றில் வண்டியின் தகரம் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது, மீதியை அவர் பேச்சில் ஓட்டுகிறார். மன்னிப்புக் கேட்கப் போவதாக வினோத்குமார் சொன்னதும் இருளாண்டி வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"எதுக்கு சார் மன்னிப்பு?"

"அன்னைக்கு நான் பேசுனது தப்புத்தானண்ணே."

"வேணாம் சார். கேக்காதீக. கேட்டா இன்னும் சிக்கலாப் போயிரும்."

வினோத்குமார் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்தும் சூடு இறங்கவில்லை. பாத்திகள் கண்ணைக் குத்தின. தலையிலும் முகத்திலும் துணி சுற்றிய பெண்கள் பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே உருவம். கணுக்காலில் வெள்ளை பூத்த வெடிப்புகளை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது, அதுவும் எல்லாருக்கும் ஒன்றுதான். குத்துமதிப்பாக ஒருத்தியிடம் போய் மன்னிப்பைத் தொடங்கினார். அது அதே ஊர் ஜுனைதா.

"நான் இல்ல சார், அங்கன நிக்கிறா பாருங்க" என்று அவள் கை காட்டினாள்.

பூமயில் பலகையை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நான் அப்பிடிப் பேசிருக்கக் கூடாதுக்கா."

"என்ன பேசுனீக?"

"தாயான்னு கேட்டேன்."

"ஆமா, கேட்டீக."

சுற்றிலும் பலகைச் சத்தம் நின்றுவிட்டது. பூமயில் மட்டும் ஒரு இழுப்பு இழுத்தாள். முகத்துணியை இறக்கவில்லை, கண் மட்டும் தெரிந்தது. அது சிவந்திருந்தது. அளத்தில் எல்லார் கண்ணும் சிவந்துதான் இருக்கும்.

"மனுவுக்கு மட்டும் பதில எழுத்துல குடுங்க சார்" என்றாள். "வெயில்ல நிக்காதீக, பழக்கமில்லாத ஒடம்பு."

அவள் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவர் குடித்தார். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே ஜுனைதா ஒரு மனுப் போட்டாள்.

அது சத்துணவு முட்டையைப் பற்றியது. முட்டை வருகிற தேதி, வேகவைக்கிற நேரம், பிள்ளைக்கு ஒன்று போக உடைந்தது எத்தனை. சத்துணவு சமைக்கிற சோணையம்மாளிடம் வினோத்குமார் அதைப் படித்துக் காட்டினார். சோணையம்மாள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, கேட்டா பதில் சொல்லிர வேண்டியதுதானே சார், அவசரமில்லாம மெதுவாச் சொல்லுங்க, என்றாள். அந்த மெதுவாக என்ற சொல்லை அவர் அப்போது கவனிக்கவில்லை.

அவருக்கு இருந்தது அவசரம்தான். மாறுதல் கலந்தாய்வுக்குத் தேதி அறிவித்துவிட்டார்கள். ஆனால் கக்கூஸ் கேள்விக்கு நேர்மையான பதில், தண்ணீர் வரவில்லை என்பதுதான். மோட்டார் எரிந்துபோய்க் கிடக்கிறது. ஊராட்சிக்கு எழுதி எழுதி அவருக்கே கை சலித்துவிட்டது. வருகிறது என்று பொய் எழுதினால் அபராதம். வரவில்லை என்று எழுதினால் ஏன் என்று அடுத்த மனு. யோசித்துப் பார்த்து, எழுதப் போகிற பதிலை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

மோட்டாரைக் கழற்றிச் சாயல்குடிக்குக் கொண்டுபோய்க் காயில் சுற்றி வாங்கி வந்தார். குழாய் போகிற வழியை இருளாண்டியும் அவரும் மண்வெட்டி பிடித்துத் தோண்டினார்கள். அடியில் கல்லும் சீமைக்கருவேல வேரும். வினோத்குமார் கீழநாட்டுச் சம்சாரி வீட்டில் வயல்வேலை பார்த்து வளர்ந்த பிள்ளை, மண்வெட்டி அவருக்குப் புதிதில்லை. ஆனால் பல வருடம் சாக்பீஸ் பிடித்த கை கொப்பளித்தது. இருளாண்டி தோண்டுவதைவிடத் தோண்ட வேண்டாம் என்று சொல்வதில்தான் அதிகம் மூச்சைச் செலவழித்தார்.

"இது ஊராட்சி வேலை சார். நீங்க எதுக்கு? அப்பிடியே கெடக்கட்டும்."

"கெடந்தா எனக்குக் கையெழுத்துக் கெடைக்காதுண்ணே."

"அதத்தான் சார் சொல்றேன்" என்றார் இருளாண்டி. பிறகு குனிந்து வேரை வெட்டினார்.

தண்ணீர் வந்த அன்றைக்கு ஒத்தப்பனையே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் கால் கழுவினார்கள். கழுவிவிட்டு மண்ணில் ஓடி, திரும்ப வந்து கழுவினார்கள். சோணையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று வினோத்குமார் நினைத்தார். அடுப்பு அணைந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

அவர் உட்கார்ந்து பதில் எழுதினார். தண்ணீர் வருகிறது. மேற்குப் பக்கக் குழாய் வழியாக. சென்ற ஆண்டு எடுத்த விடுப்பு ஒரு நாள், மகளுக்குக் காய்ச்சல். இரண்டாம் ஆசிரியர் பணியிடத்துக்கு இத்தனை தடவை எழுதியிருக்கிறோம், கடித நகல்கள் இணைப்பில். கூரை ஒழுகல் சிமெண்டு பூசி அடைக்கப்பட்டது. அந்தச் சிமெண்டும் அவர் பூசியதுதான், பதில் எழுதுவதற்கு முந்தின ஞாயிறு. அந்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகவில்லை.

அலுவலகத்தில் ராக்கப்பன் பதிலைப் படித்துவிட்டு மெச்சினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு எடுத்து வைத்தார்.

"இதுவும் உங்க ஊருதான் தம்பி."

புதிய மனுக்கள். ஒத்தப்பனையில் எத்தனை வீடு உண்டோ ஏறத்தாழ அத்தனை. ராக்கப்பனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. கடைத்தெருவில் பத்து ரூபாய் வில்லையே தீர்ந்துவிட்டதாம், பத்திரம் எழுதுகிறவர்கள் திட்டுகிறார்கள் என்றார். பூமயில் இரண்டாவது மனுப் போட்டிருந்தாள். "மேற்படி மோட்டார் மீண்டும் பழுதானால் அதைச் சரிசெய்யப் போகும் நபர் யார்? அந்த நபர் இன்னும் எத்தனை ஆண்டு இப்பள்ளியில் இருப்பார்? விவரம் தருக."

"நடக்கப் போறதையெல்லாம் இந்தச் சட்டத்துல கேக்க முடியாது" என்றார் ராக்கப்பன். "கோப்புல இருக்கிறது மட்டுந்தான் தகவல். கோப்பில் இல்லைன்னு எழுதிருங்க."

வினோத்குமார் அப்போதுதான் மனுவின் கடைசி வரியைப் பார்த்தார். "கேட்பது என் உரிமை, சொல்வது தங்கள் கடமை, இருவருக்கும் இதில் வெட்கமில்லை." எல்லா மனுவிலும் அதே வரி. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அது அவருடைய வரி. வருடாவருடம் ஐந்தாம் வகுப்புக்கு மனு எழுதச் சொல்லித்தரும்போது கரும்பலகையில் அவர் எழுதிப் போடுவது. எல்லாப் பிள்ளைகளையும் ஆளுக்கொரு மாதிரி மனு எழுத வைப்பார். ஏன் எங்கள் ஊருக்குப் பேருந்து வருவதில்லை, ஏன் தண்ணீர் லாரி நிற்பதில்லை. வெட்கப்படாமல் கேளுங்கள் என்று சொல்லிச் சொல்லி எழுத வைப்பார். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது வீட்டுக்கு வீடு உட்கார்ந்து அம்மாக்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றன.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்துருக்கீக" என்றார் ராக்கப்பன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

நல்லவேளையாகக் கலந்தாய்வு தள்ளிப்போனது. அது தள்ளிப்போவது வழக்கம்தான். அந்த நாள்களில் வினோத்குமார் பகலில் பாடம் நடத்தினார், மற்ற நேரமெல்லாம் பதில் எழுதினார். மைதானத்து முள்ளை வெட்டினாரா என்று ஒரு மனு கேட்டது, வெட்டிவிட்டு ஆம் என்று எழுதினார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று ஒன்று கேட்டது. சாயங்காலம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டு, ஏற்பாடு உண்டு என்று எழுதினார். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு புதிய கேள்வி முளைத்தது. எவ்வளவு செய்கிறாரோ அவ்வளவு மனு. ஒன்றுமே செய்யாத வீரபத்திரன் அடுத்த ஊரில் குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார், அவரை இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.

கேட்பவர்களுக்கு முகத்தில் விரோதமும் இல்லை. அதுதான் அவரைத் தின்றது. காலையில் மனுப் போட்டவள் மதியம் மீன் குழம்பு கொடுத்துவிடுகிறாள். ஜுனைதா இடியாப்பத்தை வாழையிலையில் கட்டிக் கொடுத்து, நல்லா இருப்பீக சார், இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரியாயிரும் என்று கையெடுத்துவிட்டுப் போனாள். எது சரியாகும் என்று அவர் கேட்கவில்லை. எழுத்தில் கேட்க வேண்டியிருக்குமோ என்று பயந்தார்.

போனில் துர்கா, இந்த வாரமாவது வருவீர்களா என்று கேட்டாள். பக்கத்திலிருந்து பிள்ளை, "சார் எப்ப வருவாரு?" என்றது.

அன்றைக்குத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. மனுதாரர்கள் கோப்புகளை நேரிலேயே வந்து பார்க்கலாம். ஒரே நாளில் ஊரையே வரச்சொல்லி, பீரோவைத் திறந்து, எல்லாவற்றையும் மேசைமேல் போட்டுவிடுவது. அலுவலரும் இருக்கட்டும். அவர் முன்னாலேயே என்ன குறை என்று சொல்லட்டும். அலுவலருக்கும் அது பிடித்திருந்தது. ஊர் எழுதும் வேகத்துக்கு அலுவலக இழுப்பறை போதவில்லை.

அந்த நாளில் அளத்தில் ஒரு பலகை அசையவில்லை. உப்பு வாராத நாளுக்குக் கூலி கிடையாது. ஆனாலும் வந்தார்கள். தலைக்கு ஊற்றி, எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். ஆண்கள் சன்னல் ஓரமாக நின்றார்கள். அலுவலருக்கு ஒரு மின்விசிறி போட்டிருந்தது. சோணையம்மாள் எல்லாருக்கும் கடுங்காப்பி கொடுத்தாள்.

வினோத்குமார் பீரோவைத் திறந்தார். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, முட்டைக் கணக்கு, மோட்டார் ரசீது. எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் குற்றம் தேடவில்லை. தங்கள் பிள்ளையின் பெயரைத்தான் தேடினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்து, பெயர் வந்ததும் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒருத்தி இறந்துபோன தன் புருசனின் பெயரை அப்பா பெயர்க் கட்டத்தில் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடவே மனமில்லாமல் இருந்தாள். அவள் தரும் வரை அடுத்தவள் காத்திருந்தாள்.

பூமயில் மட்டும் கேட்டாள். விடுப்புக் காரணம் எழுதிய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காய்ச்சல்னு போட்டுருக்கு. பிள்ளைக்கு இப்ப நல்லாருக்கா சார்?"

குத்திக்காட்டுகிறாள் என்று வினோத்குமாருக்குத் தோன்றியது. "நல்லாருக்கா" என்றார். "என்னைய சார்னு கூப்புடுறா."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூமயில் விரலை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அலுவலர் முட்டைக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டியும் ஒன்றும் கிடைக்காமல் களைத்துப்போனார். தம் சர்வீஸில் இவ்வளவு துப்புரவான பீரோவைப் பார்த்ததில்லை என்றார். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

"இவர் மேல உங்களுக்கு என்னம்மா குறை? இப்பச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

எல்லாரும் பூமயிலைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். கூரையைப் பார்த்தாள், அது ஒழுகாது. சன்னல் வழியாகக் குழாயைப் பார்த்தாள், ஒரு பிள்ளை கை கழுவிக்கொண்டிருந்தது. கடைசியில் வினோத்குமாரின் கொப்பளம் காய்ந்த கையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

"ஒண்ணுமே இல்லையா?"

"யோசிச்சுப் பாத்துட்டோம் சார். ஒண்ணுங் கெடைக்கல. அவுக பிள்ளைகிட்டப் போகட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கோர்ட்டில் தோற்றவள் உட்கார்வது போல இருந்தது. அலுவலர் எல்லா மனுக்களையும் முடித்து வைத்து எழுதினார். அடுத்த நிமிடமே மாறுதல் விண்ணப்பத்தை வாங்கி, முதுகை நிமிர்த்திக்கொண்டு பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். கலந்தாய்வு மறுநாள். இடம் காலியாக இருக்கிறது, வரிசையிலும் இவர் பெயர்தான் முதலில் என்று ராக்கப்பன் போனில் உறுதி சொன்னார்.

வென்றாகிவிட்டது. ஆனால் யாரும் கிளம்பவில்லை. எழவு வீட்டில் இருப்பது போல இருந்தார்கள். வினோத்குமார் பீரோவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். எடுத்து இன்னொரு தடவை மாட்டினார். சோணையம்மாள் இரண்டு முட்டையை அவித்து இலையில் சுற்றி அவர் பையில் வைத்தாள். இது எந்தக் கணக்கிலும் வராது சார், எங்க வீட்டுக் கோழி முட்டை, பிள்ளைக்குக் குடுங்க என்றாள்.

சாயல்குடி பஸ்ஸுக்கு இருளாண்டியின் ஆட்டோவில் ஏறினார். இரண்டு பக்கமும் பாத்திகள், வாராத உப்பு அப்படியே பூத்துக் கிடந்தது. எப்போதும் பேசுகிற இருளாண்டி இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதனால் வினோத்குமாருக்கு உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

"எனக்குக் கையெழுத்துக் கெடைச்சதுல சந்தோசந்தாண்ணே. ஆனா மனசு ஆறல. இந்த ஊருக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? ஒரு வீடு பாக்கி இல்லாம மனுப் போட்டாக. நீங்களும் போட்டுருக்கீக, மைதானத்து முள்ளுக்கு. நான் பாத்தேன்."

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. இருளாண்டி வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். பையை எடுத்துக் கொடுத்தார், கொடுத்தும் பிடியை விடவில்லை. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அடுத்த ஊரு வாத்தியாரு மேல மனுப் போட்டாக, இன்னைய வரைக்கும் ஆளு நகர முடியல. அதப் பாத்துத்தான் சார் நாங்களும் போட்டோம். நீங்க இப்பிடி ஒண்ணு விடாம பதில் சொல்லிட்டுக் கெளம்புவீகன்னு நாங்க என்ன கனவா கண்டோம்?"